கூண்டிலிட்ட ஆப்பிள் மரம்

பட்சிகளையும் மிருகங்களையும் கூண்டில் அடைப்பதை நாம் கண்டிருக்கிறோம். மரத்தைக் கூண்டில் அடைத்ததும் உண்டு. 1914 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியா இராஜ்யத்தில், கிளே ஜில்லாவில், தற்செயலாக முளைத்துக் காய்த்திருந்த ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை, ஸ்டார்க் சகோதரர்கள் என்னும் நாற்றுப்பண்ணை வியாபாரிகள் 5,000 டாலர் கொடுத்து வாங்கினர். வாங்கியதும் அவர்கள் செய்த முதற்காரியம், அம்மரத்தைச் சுற்றி உயரமான கூண்டு ஒன்றை எழுப்பி, அந்நியர் எவரேனும் நுழைந்தால் மணி ஒலிக்கும்படி ஏற்பாடு செய்ததுதான். அக்கனிக்கு அவர்கள் இட்ட பெயர் 'கோல்டன் டெலீஷியஸ்'.

பழத் திருடனுக்கு அஞ்சியா இவ்வளவு பெரிய காவல்? இல்லை. பழம் போனால் மறு வருஷம் காய்க்கும். அவர்கள் அஞ்சியது சாண் நீளமுள்ள ஒரு குச்சிக்கு.

நம் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பட்டணவாசிகளுக்காகச் சிறிது கூறுகிறோம். நெல்லை விதைத்தால் அதே நெல் விளையும். நீல மாம்பழத்தைத் தின்று கொட்டையை ஊன்றினால் நீலம் வருமென்பது நிச்சயமில்லை. புளிப்போ நாரோ ஏதோ ஒன்று வரும். ஆப்பிளும் அவ்வாறே. தாயின் குணமும் மகரந்தம் கொடுத்த மரத்தின் குணமும் ஒவ்வொரு விதையிலும் வெவ்வேறு விதமாகக் கலக்கின்றன. ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்று உயர்ந்த கனி தந்தால் பெரும் பாக்கியம். அவ்வாறு கிடைத்த ஒன்றைப் பெருக்குவதற்கு வழி ஒட்டுக் கட்டுவதும், மொட்டுக் கட்டுவதும், பதியன் போடுவதுமே. ஒரு குச்சியிலுள்ள ஒவ்வொரு மொட்டும் ஒரு மரமாகும். அம்மரத்தின் குச்சிகள் ஒரு தோப்பாகும். ஆகவே, உலகத்திலுள்ள கோல்டன் டெலீஷியஸ் மரங்கள் யாவும் உண்மையில் கூண்டிலிருந்த அந்த ஒரே மரத்தின் துண்டுகளே.

இதனால் விளையும் சங்கடத்தை நேயர்கள் உணரலாம். இருபது வருஷம் பாடுபட்டு ஒருவன் புதியதொரு கனியை உண்டாக்குகிறான். முதற் கன்றை விற்ற மறுநாளே அவனுடைய செல்வம் ஊராரின் செல்வமாகிவிடுகிறது. யந்திரம் கண்டுபிடித்தவனுக்குப் பேடெண்டு என்னும் தனியுரிமை உண்டு. கனி கண்டுபிடித்தவனுக்கு இல்லை. லூதர் பர்பாங்க் என்னும் அமெரிக்கத் தோட்டக் கலைஞர் வாழ்நாள் முழுவதும் இக்குறையைக் கூறிக் கொண்டிருந்தார். இளமையில் தாம் கண்டெடுத்த உருளைக்கிழங்கு வகையை 150 டாலருக்கு விற்றுவிட்டு, 1875 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்குக் குடியேறியவர் அவர். எண்ணூறுக்கு மேற்பட்ட புதுவகைச் செடிகளை உலகுக்குத் தந்தவர். பரமஹம்ச யோகானந்தர் 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது சுயசரிதையை இவருடைய நினைவுக்கே அர்ப்பணம் செய்திருக்கிறார் என்பதை நம்மவரில் பலர் அறிவர்.

பர்பாங்க் 1926 இல் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1930 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் சபை செடிகளுக்குப் பேடெண்டு அளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்காக முன்னின்று முயன்றவர்களில் ஸ்டார்க் குடும்பத்தாரும் இருந்தனர். விஞ்ஞானி எடிசன் ஆதரவு தெரிவித்தார். பர்பாங்கின் கடிதமும் சபையில் எடுத்துக்காட்டப்பட்டது. கூண்டு செய்த வேலையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது. 1931 இல் முதற் பேடெண்டு பெற்றது ஒரு ரோஜாக் கொடி. பர்பாங்கின் கனி வகைகளுக்கும் அவர் மறைந்த பின்னர் பேடெண்டுகள் வழங்கப்பட்டன.

இச்சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஒட்டாலும் பதியனாலும் பெருகும் செடிகளுக்கே அது பொருந்தும். அவற்றுள்ளும் கிழங்கினால் பெருகுபவை விலக்கப்பட்டன. உருளைக்கிழங்கில் உண்ணும் பாகமும் நடும் பாகமும் ஒன்றே. ஆகையால் ஜனங்களின் ஆகாரத்தின்மீதே தனியுரிமை விழுமென்று சட்டம் செய்தோர் தயங்கினர். பர்பாங்குக்குப் புகழ் தந்த அந்த உருளைக்கிழங்குக்கே அவருடைய கனவுச் சட்டம் இடங்கொடுக்கவில்லை! ஆயினும் அத்தயக்கத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆகாரத்தின்மீது எவ்வளவு தூரம் ஒருவன் உரிமை கொண்டாடலாம் என்ற கேள்வியை 1930 லேயே அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

புதுக் கனி காண்பவனுக்கு வெகுமதி கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. அவனுடைய உழைப்பு அசாத்தியமானது. வாஷிங்டன் இராஜ்யத்து சர்வகலாசாலையார் 'காஸ்மிக் கிரிஸ்ப்' என்னும் ஆப்பிளுக்காக இரு வகைகளை இணைத்தது 1997 இல். அக்கனி கடைக்கு வந்தது 2019 டிசம்பரில். மாவிலும் அவ்விதமே, மகரந்தம் சேர்த்த பூக்களில் மிகச் சிலவே பிஞ்சு பிடித்து நிற்கும், நின்றவற்றின் கொட்டை முளைத்துக் காய்க்க ஆண்டுகள் பல ஆகும். வாழையில் சிரமம் இன்னும் அதிகம். நாம் உண்ணும் வாழையில் விதையே இல்லை. காட்டு வாழையின் மகரந்தத்தைக் கொணர்ந்து குலை குலையாகத் தடவி, பழுத்தபின் பிசைந்து பார்த்து, அகப்பட்ட ஒன்றிரண்டு விதைகளைப் பொன்போல் காத்து முளைக்கவைக்க வேண்டும். இவ்வளவு பொறுமைக்குக் கூலி இல்லையென்றால் பொறுமை எங்கிருந்து வரும்?

ஆனால் இங்கே ஒரு விஷயத்தை மறக்கலாகாது. யந்திரம் செய்தவன் இரும்பிலிருந்து தொடங்குகிறான். கனி செய்தவனோ பிறர் செய்த கனியிலிருந்து தொடங்குகிறான். பர்பாங்கின் புகழ் பெற்ற பிளம் பழங்களுக்கு மூலம் 1885 ஆம் ஆண்டில் அவர் ஜப்பானிலிருந்து வரவழைத்த கன்றுகள். பிளாரிடாவின் செம்மாங்கனி வகைகளுக்கு மூதாதை 'ஹேடன்' மரம். அதன் தாய், 1889 இல் இந்தியாவிலிருந்து அனுப்பப்பெற்றவற்றுள் கடும் பனிக்குத் தப்பிப் பிழைத்த 'மல்கோபா' என்னும் மாங்கன்று. அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சேலத்துக்காரர்கள் புன்னகை புரிவார்கள். அந்த மாவை எத்தனை தலைமுறையில் எத்தனை குடியானவர்கள் தேர்ந்தெடுத்து, ஒட்டிக் காப்பாற்றி வந்தனரோ, அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களுக்கு எவரும் ஒரு காசும் தந்ததில்லை. ஆயிரம் படியுள்ள மாடியில் கடைசிப் படியைக் கட்டியவன் மாடி முழுவதற்கும் வாடகை கேட்பது நியாயமாகுமா என்பதே வழக்கு.

கூண்டிலிருந்த மரத்தின் கதை நம் தேசத்துக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1904 இல் குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்ய இந்தியாவுக்கு வந்து, சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கர் மலைப்பகுதியில் குடியேறி, அங்கேயே மணம் புரிந்து கொண்டார். பிற்காலத்தில் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டவர் இவரே. மலைக் குடியானவர்களின் வறுமையைக் கண்டு மனம் நொந்த அவர், 1916 ஆம் ஆண்டில் ஸ்டார்க் சகோதரர்களிடமிருந்து சிவப்பு 'டெலீஷியஸ்' ஆப்பிள் கன்றுகளை வரவழைத்துத் தமது தோட்டத்தில் நட்டார். 1921 இல் அவருடைய அன்னையார் மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பியவை கோல்டன் டெலீஷியஸ் கன்றுகள். அதே வருஷக் கடைசியில் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டதற்காக ஸ்டோக்ஸ் சிறை புகுந்தார் என்பது தேச சரித்திரம்.

மரம் காய்த்தது. ஸ்டோக்ஸ் கன்றுகளை அண்டை அயலாருக்கு வழங்கினார். ஒட்டுக் கட்டும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். ஒருவன் தோட்டத்துக் குச்சி மற்றவன் தோட்டத்துக்குப் போயிற்று. ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போயிற்று. இன்று ஹிமாசலப் பிரதேசத்தில் ஆப்பிளை நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் எண்ணிறந்தவை. ஸ்டார்க் சகோதரர்கள் விற்ற கன்றுக்கு உரிய விலையைப் பெற்றுக்கொண்டார்கள். எவரும் அவர்களை வஞ்சிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குச்சிக்கும் ஒவ்வொரு குடியானவனும் அமெரிக்காவுக்கு எழுதி உத்தரவு பெறவேண்டியிருந்தால், கோட்கர் இன்றும் பழைய கோட்கராகவே இருந்திருக்கும் என்பது நமது எண்ணம்.

இனி, அத்தகைய உத்தரவு வேண்டும் என்கிற உலகத்தைப் பார்ப்போம். 1961 இல் பாரிஸில் மேனாடுகள் சில கூடிப் புதிய பயிர் வகைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. 'உபோவ்' என்று சுருக்கமாக வழங்குவது அதுதான். 1991 இல் அது திருத்தப்பட்டு இறுகியது. மரங்களுக்கும் கொடிகளுக்கும் குறைந்தது 25 ஆண்டு உரிமை. சொந்த விளைச்சலிலிருந்து விதை எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் ஒவ்வொரு சர்க்காரின் இஷ்டம். ஐரோப்பிய யூனியனில் அச்சுதந்திரம் சில தானியங்களுக்கும் தீவனம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கும் உண்டு. பழமரம் வைத்திருப்பவனுக்கு அது கிடையாது. ஆரஞ்சுத் தோட்டக்காரன் தன் சொந்த மரத்தின் மொட்டைத் தன் சொந்த நிலத்திலேயே கட்டினாலும், அது உரிமை பெற்ற வகையாயின், குற்றமே.

இக்குற்றம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஸ்பெயின் தேசத்து வழக்கொன்று சாட்சி. மொரோக்கோவில் அபூரர் என்னுமிடத்து ஆராய்ச்சித் தோட்டத்தில் கிடைத்த 'நாதோர்காட்' என்னும் கமலா வகைக்கு ஐரோப்பாவில் உரிமை கோரப்பட்டிருந்தது. அவ்வுரிமை முற்றிலும் உறுதிப்படுமுன், 2005 இலும் 2006 இலும், வலென்ஸியாப் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயி பகிரங்கமாக வியாபாரம் செய்துவந்த ஒரு நாற்றுப்பண்ணையில் கன்றுகளை விலைகொடுத்து வாங்கி நட்டார். மரம் வளர்ந்து பழம் விற்கத் தொடங்கியபின், உரிமைக்காரர்களின் சங்கத்தார் பழத்துக்கே நஷ்டஈடு கேட்டனர். வழக்கு கோர்ட்டு கோர்ட்டாக ஏறி ஐரோப்பிய நீதிமன்றத்தை அடைந்தது. 2019 டிசம்பரில் அம்மன்றம், மரத்தை நட்டுப் பழம் பறிப்பது வேறு, கன்றைப் பெருக்குவது வேறு என்று பிரித்துக் காட்டி, விவசாயிக்கு ஆறுதலான தீர்ப்பளித்தது. நீதி கிடைத்ததென்று மகிழலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய கன்றின் பழம் தன்னுடையதுதானா என்று அறிய ஒரு விவசாயி ஐரோப்பாவின் உச்சிக் கோர்ட்டு வரையில் போகவேண்டியிருந்ததே!

வியாபாரிகள் இன்னொரு யுக்தியும் கண்டிருக்கிறார்கள். பேடெண்டுக்கு ஆயுள் உண்டு. மினசோட்டா சர்வகலாசாலையின் 'ஹனிகிரிஸ்ப்' ஆப்பிளுக்கு 1988 இல் கிடைத்த பேடெண்டு 2008 இல் முடிந்தது. அதன்பின் அமெரிக்காவில் எவரும் அதை ஒட்டலாம். இதைக் கண்டு பாடம் படித்தவர்கள் இப்போது ஒரே கனிக்கு இரண்டு பெயர் சூட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1973 இல் தொடங்கிய கலப்பில் பிறந்த ஒரு ஆப்பிளின் வகைப்பெயர் 'கிரிப்ஸ் பிங்க்'. கடைப்பெயர் 'பிங்க் லேடி'. மரத்தின்மீதுள்ள உரிமை காலத்தால் அழியும். கடைப்பெயரோ வியாபாரக் குறி, கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பெயரில்லாத பழத்தைச் சந்தையில் யார் கேட்பார்கள்? இந்தக் கனியின் தந்தையும் நமது கூண்டு மரமே என்பது வேடிக்கை. பேடெண்டு இல்லாதபடியால் கோல்டன் டெலீஷியஸை எவரும் எடுத்துக் கலக்க முடிந்தது. காஸ்மிக் கிரிஸ்ப் விஷயத்திலோ, முதற் கன்றுகளைப் பெற 2014 இல் வாஷிங்டன் விவசாயிகளுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் கட்டணம். பெட்டி விலை ஓர் அளவைத் தாண்டினால் அதிலும் பங்கு. சர்வகலாசாலைக்கு அப்பணத்தால் மேலும் ஆராய்ச்சி நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் நாடு இவ்விஷயத்தில் தனிவழி சென்றிருக்கிறது. செடியையோ, செடியின் பாகத்தையோ, விதையையோ, வகையையோ பேடெண்டு செய்ய நமது பேடெண்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விதிப்படி பேடெண்டு இல்லாவிட்டாலும் வேறொரு பாதுகாப்பேனும் இருக்கவேண்டுமாதலால், 2001 இல் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி புது வகை கண்டவன் பதிவு செய்து கொள்ளலாம். மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு உரிமை. விவசாயிகள் தாமே காத்துவந்த வகைகளையும் பதியலாம். அதன் 39 ஆம் பிரிவு, பதிவான வகையாயினும் அதன் விதையை விவசாயி சேமிக்கவும், நடவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உரிமையுடையவன் என்கிறது. முத்திரைப் பெயரிட்டு விற்பது ஒன்றே கூடாது. விதை என்ற சொல்லுக்கு அச்சட்டம் கூறும் பொருளில் செடியை மீண்டும் உண்டாக்கவல்ல உறுப்புகளும் அடங்குவதால், ஒட்டுக் குச்சிக்கும் வாழையின் பக்கக் கன்றுக்கும் இச்சுதந்திரம் உண்டு என்பதே நாம் கொள்ளும் பொருள். ஸ்டோக்ஸ் செய்ததை இன்றும் ஒருவர் செய்யலாம் என்பதற்கு இந்த ஒரு பிரிவே அரண்.

அரண் எத்தகையது என்பதும் சோதிக்கப்பட்டுவிட்டது. 2019 இல் பெப்ஸிகோ கம்பெனியார் தங்கள் பதிவு பெற்ற உருளைக்கிழங்கைப் பயிரிட்டதாகக் கூறி குஜராத் விவசாயிகள் மீது, ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு, வழக்குத் தொடுத்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சில வாரங்களில் வழக்குகள் வாபஸ் பெறப்பட்டன. 2021 இல் அப்பதிவையே பயிர் வகை அதிகார சபை ரத்துச் செய்தது. 2024 ஜனவரியில் டில்லி ஹைகோர்ட்டு அந்த ரத்தை நீக்கியது. பதிவு நிலைக்கலாம், 39 ஆம் பிரிவும் நிற்கிறது. ஆனால் அப்பிரிவைப் படித்தறியாத ஒரு சிறு விவசாயியின் வீட்டு வாயிலில் கோடி ரூபாய் நோட்டீஸ் வந்து நின்றால் அவன் கதி என்ன என்பதை யோசிக்கவேண்டும்.

கனி கண்டவனுக்கு நம் வழியில் என்ன கைம்மாறு? இதுவரையில் பெரும்பாலும் சர்க்கார் சம்பளமே கைம்மாறு. டில்லி பூஸா ஆராய்ச்சி நிலையத்தார் வடநாட்டு தஸேரியையும் நம் தென்னாட்டு நீலத்தையும் இணைத்து 'மல்லிகா', 'ஆம்ரபாலி' என்னும் மாக்களை 1970 களில் தந்தனர். ஒருவருஷம் காய்த்து மறுவருஷம் ஓய்ந்துவிடும் தஸேரியின் குறையை, ஆண்டுதோறும் காய்க்கும் நீலத்தின் இரத்தம் நீக்கிற்று. ஆம்ரபாலி குட்டையானது, நெருக்கி நடலாம். நம் மாகாணத்தில் ஆடுதுறையில் 1949 இல் வாழை ஆராய்ச்சி தொடங்கிற்று. பழனி மலை விருப்பாட்சியை முடிக்கொத்து நோய் அழித்து வந்த காலத்தில், கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையார் பலபடிக் கலப்பால் அதையொத்த 'கோ 1' வாழையை 1984 இல் வெளியிட்டனர். விருப்பாட்சியின் ஸ்தானத்தை அது பிடித்துவிட்டதென்று சொல்வதற்கில்லை; நாக்குக்குப் பழைய ருசியே வேண்டியிருக்கிறது. எனினும் இவற்றுக்காக எந்தத் தோட்டக்காரனும் எவருக்கும் கப்பம் கட்டவில்லை.

இவ்வழியிலும் குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. எவரும் ஒட்டலாம் என்ற நிலையில் எவரும் எதையும் எந்தப் பெயரிலும் விற்கிறார்கள். மல்லிகா என்று வாங்கி நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றி, காய்த்தபின் அது வேறென்று கண்டு கோடரியை எடுத்த விவசாயியை நாம் நேரில் அறிவோம். விற்ற நாற்றுக்காரர் அதற்குள் கடையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார். பேடெண்டுக்காரன் இருந்தால் தன் பெயரைக் காத்துக்கொள்ளவாவது கன்றைச் சோதிப்பான் என்று அவ்விவசாயி சொன்னபோது நமக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை.

மறுமொழி கர்நாடகத்தில் இருக்கிறது. துமகூரு ஜில்லாவில் ஒரு விவசாயியின் தந்தை நட்டுவைத்த பலா மரம் செம்பு நிறச் சுளையும் அபூர்வ சுவையும் உடையதாயிருந்தது. பெங்களூர் ஹெஸரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் சோதித்து, 'சித்து' என்று தந்தையின் பெயரை நினைவூட்டும் பெயரிட்டு, 2017 இல் விவசாயியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒட்டுக் கன்றுகளை நிலையத்தார் உண்டாக்குவர்; வரும் தொகையில் 75 விழுக்காடு மரத்துக்குரியவருக்கு. வாங்குகிறவனுக்கு உண்மையான கன்று கிடைக்கிறது. காத்தவனுக்குப் பணம் கிடைக்கிறது. அண்டை வீட்டுக்காரன் குச்சி எடுத்தால் அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க எவரும் இல்லை. கூண்டு இல்லாமலே ஒரு மரத்துக்கு விலை கிடைத்திருக்கிறது. நம் மாகாணத்தில் பண்ருட்டிப் பலாவுக்கும், சேலத்து மல்கோவாவுக்கும், சிறுமலை வாழைக்கும் இவ்வித ஏற்பாடு செய்ய யார் தடை? ஜில்லாவுக்கு ஒரு தாய்மரத் தோட்டம் வைத்து, அங்கே ஒட்டிய கன்றுக்குச் சர்க்கார் முத்திரையிட்டுக் கொடுத்தால் பொய்க் கன்று வியாபாரம் பாதி ஒழியும்.

இதற்கிடையில், ஐரோப்பிய நாடுகள் பிற நாடுகளுடன் செய்துகொள்ளும் வர்த்தக ஒப்பந்தங்களில் 1991 ஆம் ஆண்டு உபோவ் விதிகளை ஏற்கும்படி கேட்பது வழக்கமாயிருக்கிறது. இந்தியா அவ்வுடன்படிக்கையில் இன்னும் சேரவில்லை. ஜவுளிக்கும் மருந்துக்கும் தீர்வை குறைக்கிறோம் என்று ஒரு கையால் கொடுத்து, 39 ஆம் பிரிவை மற்றொரு கையால் கேட்கும் நாள் வரலாம். ஒப்பந்தப் பேச்சுக்கள் மூடிய அறையில் இங்கிலீஷில் நடக்கின்றன. மரம் வைத்திருப்பவன் கிருஷ்ணகிரியிலும் தேனியிலும் கோட்கரிலும் இருக்கிறான். எந்த ஒப்பந்தத்திலேனும் செடி வகைகளைப் பற்றிய ஷரத்து இருக்குமாயின், கையொப்பமிடுவதற்கு ஆறு மாதம் முன்னதாக அதைத் தமிழிலும் ஹிந்தியிலும் மற்றப் பாஷைகளிலும் அச்சிட்டு, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸிலும் ஒட்டவேண்டுமென்று மத்திய சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.